யார் மான் என்று கேட்கக் கூடாது

பென்ட் க்ரீக், விஸ்கான்சின்
டிசம்பர் 6, 2003

அன்புத் தங்கை சிக்னேவுக்கு,

அண்ணன் ஆரின் எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். மாடுகளும் அப்படியே. அங்கே நீ, மாப்பிள்ளை வெஸ், என் மருமகள் மாரென் எல்லோரும் எப்படி? டூசானில் இன்னும் மெல்லிய சட்டையோடுதான் திரிகிறீர்களா? இங்கே காலையில் பால் கறக்கப் போனால் மீசை விறைத்துவிடுகிறது.

இத்துடன் அனுப்பும் பெட்டியில் மான்கறி சாசேஜ் பெரியது இரண்டு, மாரெனுக்குச் சின்னக் கறிக்குச்சிகள் எழுபது. எல்லாம் வெர்லின் மாமாவின் புகைக்கூடத்தில் வாட்டியவை.

இனிதான் பெரிய செய்தி. அப்பா மான் அடித்துவிட்டார்! இடுப்பு அறுவைக்குப் பிறகு மூன்று வருஷமாக வெறுங்கையோடு திரும்பியவர். "ஹால்வருக்கு இனிமே மானைக் கட்டிப் போட்டுத்தான் கொடுக்கணும்" என்று வெர்லின் மாமா கிண்டல் செய்வாரே, இந்தத் தடவை கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. போன மாத வேட்டை முகாமில் இரண்டாம் நாள் காலை, ஓடைக்கரை. எட்டுக் கிளைக் கொம்பு. தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றது. நாங்கள் மூன்று பேரும் சரிவில் இறங்குகிறோம், கல் உருள்கிறது, மாமா தும்மித் தொலைக்கிறார். அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்து குடிக்கிறது! கால்களை அகல வைத்து, காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "எனக்காகத்தான்டா நிக்குது" என்றார் அப்பா. நாற்பது அடியில் சுட்டார்.

விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. "பொண்ணுங்க பின்னாடி ஓடி ஓடி இளைச்சிருக்கான், பாவம்" என்றார் மாமா. "நீ ஏன் அப்போ இளைக்கவே இல்ல?" என்றார் அப்பா. மூன்று வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

தலைகளைச் சோதனைக்கென்று வனத்துறைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், கொம்பை மட்டும் அறுத்துக் கொடுத்தார்கள். அதை வாசல் கதவுக்கு மேல் மாட்டியாயிற்று. கறி வழக்கம்போல ஒரே தொட்டியில் அரைத்துக் கலந்தாயிற்று. ஏழு பேர், ஒன்பது மான், மேலே பன்றிக் கொழுப்பு. முகாம் விதி உனக்குத் தெரியும்: யார் மான் என்று கேட்கக் கூடாது. கேட்டவன் அடுத்த வருஷம் முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டும்.

நன்றாகச் சாப்பிடுங்கள். குழந்தைக்கு என் முத்தம்.

ஆரின்

*

டூசான், அரிஸோனா
டிசம்பர் 28, 2003

அன்புள்ள அண்ணா,

இங்கே மூவரும் நலம். அப்பாவின் இடுப்பு குளிருக்கு வலிக்கிறதா? கண்டிப்பாகக் கேட்டு எழுது.

பெட்டி வந்த அன்றே மாரென் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டாள். பெயரும் வைத்துவிட்டாள், 'தாத்தா குச்சி'. காலையில் எழுந்ததும் ஒன்று, தூங்கி எழுந்தால் ஒன்று. அவள் வாயில் கறி இறங்குவதே அதிசயம், உனக்குத் தெரியுமே. அடுத்த வீட்டு இனெஸ் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சோளமாவில் அவித்த தமாலே ஒரு டஜன் கொண்டுவந்து கொடுத்தாள். வெறும் தட்டைத் திருப்பித் தர மனசில்லாமல் பெரிய சாசேஜில் ஒன்றை வெட்டி வைத்துக் கொடுத்தேன். வயிற்றில் ஐந்து மாதம் அவளுக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பாதியைத் தின்றுவிட்டு, "உங்க அப்பாவுக்கு என் முத்தம்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த மான் ஏன் ஓடவில்லை? உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். பாத்திரம் கழுவும்போது மறுபடி நினைவுக்கு வந்தது, சிரிப்பு வரவில்லை. நம் பக்கத்து மான்களுக்கு ஏதோ மெலிவு நோய் என்று போன வருஷம் பேப்பரில் வந்ததே? சோதனை முடிவு வந்ததும் எழுது.

உன் தங்கை,
சிக்னே

*

பென்ட் க்ரீக்
ஜனவரி 9, 2004

அன்புள்ள சிக்னே,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பனி இரண்டடி. பழைய டிராக்டர் காலையில் கிளம்ப மறுக்கிறது. சிவப்புக் கிடாரி கன்று போட்டது, பெண் கன்று. அப்பா தினமும் வாசலில் நின்று கொம்பை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார். தபால்காரரைக்கூட நிறுத்திக் காட்டுகிறார்.

அரசாங்க வேலை உனக்குத் தெரியாததா, எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். மாரென் படம் ஒன்று அனுப்பு.

ஆரின்

*

டூசான்
ஜனவரி 20, 2004

அன்புள்ள அண்ணா,

நலம். படம் இத்துடன் இருக்கிறது. கையில் அவள் பிடித்திருப்பது என்ன என்று பார்.

கோபித்துக்கொள்ளாதே, நான் நூலகத்துக்குப் போனேன். மெலிவு நோய் வந்த மான் எப்படி இருக்கும் தெரியுமா? விலா எலும்பு தெரியும். ஓயாமல் தண்ணீர் குடிக்கும். கால்களை அகல வைத்து நிற்கும். காது தொங்கும். மனிதரைக் கண்டு பயப்படாது. இதை எழுதியவர் உன் கடிதத்தைப் பார்த்து எழுதினாரோ என்று தோன்றியது. உன் கடிதத்தையும் அந்தப் புத்தகத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன், அண்ணா. இன்னொன்றும் இருந்தது: மற்றக் கிருமிகள் மாதிரி இல்லை, இது கொதிக்க வைத்தாலும் சாகாது, புகையில் வாட்டினாலும் சாகாது.

அன்றைக்கே மிச்சத்தை எடுத்து மறைத்துவிட்டேன். மூன்று குச்சிதான் மிச்சம். மாரென் குளிர்பெட்டிக் கதவைத் தட்டி அழுதாள். வெஸ், "முடிவு வரட்டும் சிக்னே, அதுக்குள்ள ஊரைக் கூட்டாத" என்கிறார். சரி, கூட்டவில்லை. உன்னிடம் மட்டும் கேட்கிறேன்.

போனில் கூப்பிட்டால் அப்பா எடுத்து "யாரு? யாரு?" என்கிறார். நீ எப்போதும் தொழுவத்தில் இருக்கிறாய். அதனால் என் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வரி போதும். வந்ததா, வரவில்லையா?

சிக்னே

*

பென்ட் க்ரீக்
பிப்ரவரி 11, 2004

சிக்னேவுக்கு,

சௌக்கியம். கன்றுக்கு வயிற்றுப்போக்கு, அதனால்தான் தாமதம்.

நீ காலேஜ் படித்தவள், புத்தகத்தில் போட்டிருப்பதெல்லாம் உனக்கு வேதம். நாற்பது வருஷமாக நாங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் மான் தின்கிறோம். நீயும் அதைத் தின்றுதான் வளர்ந்தாய், இன்றைக்கு அதைப் பார்த்துப் பயப்படுகிறாய். வெர்லின் மாமா சொல்கிறார்: "வெயில் ஊருக்குப் போனதும் பொண்ணுக்கு வயிறு மெலிஞ்சுபோச்சு."

உனக்கு அவ்வளவு கலக்கமாக இருந்தால் மிச்சத்தைச் சாப்பிட வேண்டாம். தூரப் போட்டுவிடு. அவ்வளவுதானே.

ஆரின்

*

டூசான்
பிப்ரவரி 18, 2004

அண்ணா,

நீயா எழுதினாய், தூரப் போட்டுவிடு என்று?

தட்டில் ஒரு துண்டு மிச்சம் வைத்தால் முதுகில் தட்டுபவன் நீ. கருகிய கல்லீரலைக்கூட "வீணாக்காத, ஒரு உசுரு போயிருக்கு" என்று தின்னச் சொன்னவன். உன் வாயிலிருந்து 'தூரப் போடு' வருகிறது என்றால் உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. என் உறையைக்கூட நீ பயன்படுத்தவில்லை. அதில் ஒரு வரிக்குமேல் எழுத இடமில்லையா, அல்லது அந்த ஒரு வரியைத்தான் எழுத முடியவில்லையா?

மாரென் மேல் ஆணையாகக் கேட்கிறேன். முடிவு வந்துவிட்டதா?

*

பென்ட் க்ரீக்
மார்ச் 1, 2004

சிக்னே,

வந்துவிட்டது. அப்பா அடித்த மானுக்கு நோய் இருந்தது. மற்ற எட்டுக்கும் இல்லை.

ஜனவரி 5 அன்று வந்தது. உறையில் அப்பா பெயர்தான் இருந்தது. தபால் பெட்டியைத் திறப்பவன் நான், பிரித்துப் படித்துவிட்டேன். அப்பாவிடம் கொடுக்கவில்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது. வாசலில் நின்று கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? பனி உருகட்டும் என்று நினைத்தேன். பிறகு உன் கடிதங்கள் வர ஆரம்பித்தன. உன்னிடம் சொன்னால் நீ அப்பாவிடம் கேட்பாய். அதனால் உனக்கும் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்றுதான் போட்டிருக்கிறது. இத்துடன் அதன் நகல் வைத்திருக்கிறேன்.

ஆரின்

*

டூசான்
மார்ச் 8, 2004

ஆரின்,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

ஜனவரி 5. நீ எனக்கு எழுதியது ஜனவரி 9. 'இங்கே எல்லாரும் சௌக்கியம்' என்று எழுதியபோது அந்தக் காகிதம் உன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. டிராக்டர் கிளம்பாததை எழுதினாய். கன்று போட்டதை எழுதினாய். 'மாரென் படம் அனுப்பு' என்றாய். அந்த வாரம் முழுக்க அவள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று தின்றுகொண்டிருந்தாள். நான்தான் உரித்து உரித்துக் கையில் கொடுத்தேன். என் கையால். நீ அன்றே எழுதியிருந்தால் கடைசி இருபது குச்சிகளாவது அவள் வயிற்றுக்குள் போயிருக்காது.

நகலைப் படித்தேன். 'இந்நோய் மனிதருக்குத் தொற்றியதாகச் சான்று எதுவும் இல்லை. எனினும் நோயுற்ற விலங்கின் இறைச்சியை உண்ண வேண்டாமென அறிவுறுத்தப்படுகிறது.' இதை எழுதியவருக்குக் குழந்தை இருக்கிறதா? ஒரே மூச்சில் பயப்படாதே என்கிறார், தின்னாதே என்கிறார். எப்போது சொல்கிறார்? மான் செத்து ஆறு வாரம் கழித்து! அதற்குள் அதை அரைத்து, வாட்டி, தபாலில் போட்டு, தின்றும் ஆகிவிட்டது. சான்று வேண்டுமாம். என் மகள்தான் அவர்களுக்குச் சான்றாக வேண்டுமா? மருத்துவரிடம் போனேன். இரத்தம் எடுத்துப் பார்க்க ஒன்றுமில்லை, வருஷக்கணக்கில் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறார். "கவலைப்படாம இருங்க, மேடம்." இதற்கு மருத்துவம் படித்தாராம்.

உங்கள் தொட்டி! யார் மான் என்று கேட்கக் கூடாதாம். சின்ன வயதில் அது எனக்கு எவ்வளவு பெருந்தன்மையான விதியாகத் தெரிந்தது தெரியுமா? அடித்தவனுக்கும் அடிக்காதவனுக்கும் ஒரே பங்கு. இப்போதுதான் தெரிகிறது, அது கேள்வி கேட்பவன் வாயை அடைக்கிற விதியும்தான். எலும்பும் தோலுமாக ஒரு மான் நின்றது. மூன்று ஆண்பிள்ளைகள் பார்த்தீர்கள். மூன்று பேருக்குமா தெரியவில்லை? ஒருவர் ஜோக் அடித்தார், ஒருவர் சுட்டார், ஒருவன் எனக்கு வேடிக்கையாகக் கடிதம் எழுதினான்.

அப்பாவின் சந்தோஷத்துக்காக என்கிறாய். நல்லது. அந்தச் சந்தோஷத்தை என் பிள்ளையின் வயிற்றில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாய்.

மற்ற ஐந்து வீடுகளிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போய்ச் சொல். தெரிந்துகொண்டே பேசாமல் இருப்பவனை என்னவென்று சொல்வது? எனக்கு வார்த்தை வரவில்லை.

சிக்னே

*

பென்ட் க்ரீக்
மார்ச் 21, 2004

சிக்னே,

சொல்லிவிட்டேன். வெர்லின் மாமா கார் கொட்டகையில் எல்லோரையும் கூட்டினேன். அப்பாவுக்குக் காலில் வீக்கம், வரவில்லை. அதுவும் நல்லதுதான்.

முதலில் சிரித்தார்கள். "உன் தங்கச்சி எப்போடா டாக்டர் ஆனா?" என்றார் மாமா. காகிதத்தைக் காட்டினேன், அப்பா பெயர் இருந்த இடத்தை மடித்துக்கொண்டு. சிரிப்பு நின்றது.

"யார் மான்டா அது?" என்றார் மாமா.

நாற்பது வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சட்டம் போட்டவரும் அவர்தான்.

"என்னுது" என்றேன்.

"ஜனவரிலேயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"போன வாரம் என் பேத்தி பிறந்தநாளுக்கு வந்து, அந்த சாசேஜை நான் அறுக்கிறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தியேடா, படுபாவி!"

ஆமாம், உட்கார்ந்திருந்தேன். என் தட்டில் வைத்ததை நான் தொடவில்லை. அதுவும் அவருக்கு இப்போது நினைவுக்கு வந்துவிட்டது. முகாம் சாவியை அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு இனி அங்கே இடமில்லை. நியாயம்தான்.

நீ எழுதிய கடிதத்தை நாலு முறை படித்தேன். ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அடுத்த வீட்டு இனெஸுக்கு ஒரு சாசேஜ் கொடுத்தாய் என்று எழுதியிருந்தாய். பிள்ளைத்தாய்ச்சி என்றும் எழுதியிருந்தாய். அவளிடம் சொல்லிவிட்டாயா?

ஆரின்

*

டூசான்
ஏப்ரல் 26, 2004

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவின் கால் வீக்கம் வடிந்ததா?

வெயில் தொடங்கிவிட்டது. வாசல் கள்ளிச் செடிகள் மஞ்சளாகப் பூத்திருக்கின்றன. மாரென் முழு வாக்கியம் பேசுகிறாள். வெஸுக்கு விமானத் தளத்தில் வேலை இரவு நேரத்துக்கு மாறிவிட்டது. அடுத்த வீட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ஏழு பவுண்டு. நிறைய வேலை, பிறகு எழுதுகிறேன்.

சிக்னே

*

மே 4, 2004

(அண்ணனிடமிருந்து அன்று வந்தது. என் கையெழுத்தில் என் விலாசம் எழுதிய உறை. ஜனவரியில் நான் ஒட்டிய தபால்தலை. உள்ளே ஒரு வரி.)

இனெஸிடம் சொல்லிவிட்டாயா?

*

டூசான்
மே 13, 2004

அன்புள்ள அண்ணா,

சொல்லிவிட்டேன். நேற்று.

அந்த உறை இரண்டு நாள் பிரிக்காமல் மேசையில் கிடந்தது. என் கையெழுத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பிரித்த பிறகும் ஆறு நாள் போயிற்று. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உன் முதல் கேள்வி வந்தது மார்ச் கடைசியில். அந்த வாரம்தான் இனெஸின் பிறக்கப்போகும் குழந்தைக்கு வரவேற்பு விருந்து. இப்போது சொன்னால் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். எட்டு மாத வயிறு, எதற்குக் கலக்க வேண்டும்? பிரசவம் ஆகட்டும். பிரசவம் ஆயிற்று. பச்சை உடம்பு, பால் வற்றிப்போகும். ஒரு மாதம் போகட்டும். நீ பனி உருகட்டும் என்றாய். எனக்கு அதைவிட நல்ல நல்ல காரணங்கள் கிடைத்தன, நான் காலேஜ் படித்தவள் இல்லையா! விருந்துக்குப் போனேன், அண்ணா. நானே பின்னிய மஞ்சள் போர்வையைக் கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

நேற்று அவள் வாசலில் நின்று முழுவதும் சொன்னேன். மான், சோதனை, தொட்டி, எல்லாம். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

"கொடுத்த அன்னைக்கு உனக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியாது, இனெஸ். சத்தியமா."

"எப்போ தெரியும்?"

"மார்ச்சு ஆரம்பத்துல."

"என் விருந்துக்கு வந்தியே, கேக்கு வெட்டும்போது என் வயித்துல கை வச்சுப் பாத்தியே. அப்போ தெரியுமா?"

"தெரியும்."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்த மஞ்சள் போர்வை, துவைத்து மடித்தது. என் கையில் வைத்தாள். "அந்தக் காயிதத்தோட நகல் எனக்கு வேணும். தபால் பெட்டியில போட்டுடு, வர வேணாம்" என்றாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள், குழந்தை தூங்கியிருந்தது.

நகலைப் போட்டுவிட்டேன். போர்வை இங்கே என் மடியில் கிடக்கிறது.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. தீரவில்லை. மாரென் தடுக்கி விழுந்தால்கூட ஓடிப்போய் அவள் நடையைச் சோதிக்கிறேன். இன்னும் எத்தனை வருஷம் அப்படிச் சோதிப்பேனோ. அந்த வனத்துறை அலுவலகத்தின்மேல் இருக்கிற கோபமும் அப்படியேதான், அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், மூன்று பக்கம். மார்ச்சில் உனக்கு எழுதிய கடைசி வரி நினைவிருக்கிறதா? தெரிந்துகொண்டே பேசாமல் இருப்பவனை என்னவென்று சொல்வது என்று கேட்டிருந்தேன். அந்த வார்த்தையை இப்போதும் நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தால் இருவருக்கும் சேர்த்து வைத்துக்கொள்வோம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வெர்லின் மாமா உன்னைத் திட்டுகிறார், சாவியைப் பறித்துக்கொண்டார். அப்பாவோ அந்தக் கொம்பின் கீழ் நின்று காபி குடிக்கிறார். நவம்பரில் மறுபடி துப்பாக்கியைத் துடைப்பார். ஓடைக்கரையில் இன்னொன்று ஓடாமல் நின்றால் "எனக்காகத்தான்டா நிக்குது" என்பார். அதை மறுபடியும் ஒரு தொட்டியில் போடுவார்கள். அதனால் அப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதி இதே தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். பெரிய எழுத்தில், அவர் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

உறையில் அவர் பெயர்தான் இருக்கிறது. தபால் பெட்டியைத் திறப்பவன் நீ. இந்தத் தடவை பிரிக்காமல் அவர் கையில் கொடு. அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்.

சௌக்கியம் என்று எழுதப் போவதில்லை. இங்கே மூவரும் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ, அதை அப்படியே எழுது.

சிக்னே